ஆறேகால் அக்கா வாங்கிய பூஜ்யம்

எனக்கு வயசு ஐம்பத்தாறு. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றது தொழில். இந்த ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடற ஆளே கிடையாது. எல்லாருக்கும் நான் அத்தான். பஸ் கண்டக்டருக்கு அத்தான், மருந்துக் கடைக்காரருக்கு அத்தான். எழுபது வயசு பல் டாக்டர், என் வாய்க்குள்ள இடுக்கியை விட்டுக்கிட்டே, "வலிச்சா சொல்லுங்க அத்தான்"ங்கறார். வாயைத் திறந்து வச்சிருக்கறவன் எப்படிய்யா சொல்லுவான்? எல்லாத்துக்கும் காரணம் என் வீட்டுக்காரி. அவ ஊருக்கே அக்கா. அக்கா புருஷன் அத்தான்தானே? கல்யாணத்தப்போ எனக்கு ஒரே ஒரு மச்சினன்தான் இருந்தான். இப்போ ஊர்ல முப்பதாயிரம் பேர்.

அவளைப் பத்தித்தான் சொல்லப்போறேன். பொண்டாட்டி பெருமை பாடறான்னு நினைச்சா நினைச்சுக்குங்க. பாடத்தான் போறேன்.

இருபத்தாறு வயசுல அவ எங்க ஊர் ரேடியோ ஸ்டேஷன்ல போன் எடுக்கற வேலைக்குச் சேர்ந்தா. ஸ்டேஷன்னா பெரிசா கற்பனை பண்ணிக்காதீங்க. பெயின்ட் கடைக்கு மேல ரெண்டு ரூம். உள் ரூம் கதவுல சத்தம் வராம இருக்கப் பழைய கார்ப்பெட்டை ஆணியடிச்சு வச்சிருந்தாங்க. கீழே பெயின்ட் கலக்கற மிஷின் ஓடினா மேலே செய்தி வாசிக்கிறவர் குரல் நடுங்கும். முதலாளி அச்சாபீஸ் வச்சிருந்தவர். பாட்டு போட ஒருத்தர், செய்திக்கு ஒருத்தர், இன்ஜினியர் ஒருத்தர், அப்புறம் இவ. அவ்வளவுதான் ஸ்டேஷன்.

ஒருநாள் பாட்டு போடறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. காலைல ஆறேகாலுக்கு ஊர் அறிவிப்பு வாசிக்க ஆள் இல்ல. "நீ போய் வாசிம்மா"ன்னு இவளைப் பிடிச்சு உள்ள தள்ளிட்டாங்க. இவ மைக்கைப் பாத்து, "ஆறேகால் ஆச்சு. எழுந்தாச்சா?"ன்னு ஆரம்பிச்சா. "நேத்து மார்க்கெட்ல குடையை விட்டுட்டுப் போன புண்ணியவானே, அது பூட்டு ரிப்பேர்க்காரர் கடையில பத்திரமா இருக்கு. இந்த மாசத்துல இது உங்க மூணாவது குடை. அடுத்த தடவை கழுத்துல கட்டிக்கிட்டுப் போங்க." ஒரு வாரத்துல அந்த மனுஷனுக்குத் தொண்டை சரியாயிடுச்சு. ஆனா அவர் வந்து மைக் முன்னாடி உக்காந்ததும் போன் மேல போன். "அந்த அக்கா எங்கே?" முதலாளி அந்த அரை மணி நேரத்தை இவளுக்கே கொடுத்துட்டார்.

முதல் வருஷத்துல ஒரு கூத்து நடந்துச்சு. தச்சு வேலை செய்யற ஒருத்தர் செத்துட்டார்னு யாரோ போன் பண்ணிச் சொன்னாங்க. இவளும் துக்கக் குரல்ல வாசிச்சுட்டா. ஏழரை மணிக்கு அந்தத் தச்சரே படியேறி வந்து நின்னார். "நான் செத்துட்டேனாமே. எத்தனை மணிக்கும்மா எடுக்கறாங்க?" வீட்டுப் பங்கு தகராறுல அவர் தம்பி பண்ணின வேலை அது. தச்சர் சிரிச்சுட்டுத்தான் போனார். இவளுக்குத்தான் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல.

அதுக்கப்புறம் ஒரு சட்டம் வச்சுக்கிட்டா. எந்த அறிவிப்பா இருந்தாலும் ரெண்டு பேர்கிட்ட நேரடியாக் கேட்டாத்தான் வாசிப்பா. தண்ணி வராதுன்னு ஆபீஸ்ல சொன்னா போதாது, பம்பு ஹவுஸ்ல மோட்டார் போடற ஆள்கிட்டயும் கேக்கணும். பள்ளிக்கூடம் லீவுன்னா தலைமை ஆசிரியரும் சொல்லணும், வாட்ச்மேனும் சொல்லணும். சாயந்திரம் நாலு மணியில இருந்து ஏழு வரைக்கும் இதே வேலை. போன் எடுக்கலன்னா நடந்தே போயிடுவா. ஃபிரிட்ஜ் பாக்கப் போற இடத்துல எல்லாம் எனக்கும் வேலை வைப்பா. "ஏங்க, அந்தத் தெருவுலதானே இருக்கீங்க? பாலத்துல லாரி நின்னுட்டு இருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க"ம்பா. வாசிக்கறது அரை மணி நேரம். அதுக்கு அலையறது மூணு மணி நேரம். இந்த அலைச்சல் ரேடியோவுல கேக்காது. ஆனா ஊருக்குத் தெரியும். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்புவாங்க.

அவகிட்ட ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிடறேன். ஸ்டேஷன் பேரை மட்டும் சொல்லவே மாட்டா. மத்தவங்க பாட்டுக்குப் பாட்டு நிலையத்தோட பேரு, நம்பரு எல்லாத்தையும் முழங்குவாங்க. இவளைக் கேட்டா, "தண்ணி வராதுன்னு சொல்ல வந்தவ எதுக்குங்க முதல்ல என் விலாசத்தைச் சொல்லணும்?"ம்பா. வாஸ்தவம்தான்னு நானும் விட்டுட்டேன்.

அப்புறம் அச்சாபீஸ்காரருக்கு வயசாச்சு. ஸ்டேஷனை வித்தார். வாங்கினவன் ரெண்டு வருஷத்துல இன்னொருத்தனுக்கு வித்தான். அவன்கிட்ட இருந்து ஒரு பெரிய கம்பெனி வாங்கிச்சு. அந்தக் கம்பெனி கையில எங்க ஊரோட சேத்து இருபத்தாறு ஊர் ஸ்டேஷன். ஒவ்வொருத்தனும் வந்து ஒரு புதுப் பேர் வச்சான். கடைசிப் பேரு சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். பாட்டு, பேச்சு, சிரிப்பு எல்லாம் தலைநகர்ல ஒரே ரூம்ல இருந்து இருபத்தாறு ஊருக்கும் ஒண்ணாப் போகுது. இங்க மழை கொட்டிட்டு இருக்கும், அங்க இருந்து ஒரு பையன், "ஆஹா, என்ன ஒரு வெயில் நண்பர்களே!"ம்பான். எனக்கு ரேடியோவைத் தூக்கி எறியலாம்போல இருக்கும்.

பாட்டு போடறவர், செய்திக்காரர், இன்ஜினியர் மூணு பேரையும் ஒரே வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவளை மட்டும் விட்டு வச்சாங்க. பாசத்துல இல்ல. லைசென்ஸ்ல ஒரு நிபந்தனை: தினமும் அரை மணி நேரமாவது உள்ளூர் ஆள், உள்ளூர்ல இருந்து, உள்ளூர் விஷயம் பேசணும். அந்த ஒரு வரி போயிடுச்சுன்னா ஸ்டேஷனைப் பூட்டிட்டு, தலைநகர் சத்தத்தை வாங்கி ஒலிபரப்பற ஒரு பெட்டியையும் ஆன்டெனாவையும் மட்டும் விட்டுட்டுப் போயிடலாம். அதைத்தான் கம்பெனி கேட்டுச்சு. அந்த அரை மணி நேரத்தை யாரும் கேக்கறதில்ல, நிபந்தனையை எடுத்துடுங்கன்னு லைசென்ஸ் ஆபீஸுக்கு மனு போட்டாங்க.

யாரும் கேக்கலன்னு நிரூபிக்கணுமே? நானூறு வீட்டுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தாங்க. நேரம் அதுலயே அச்சடிச்சிருக்கும். அந்த நேரத்துல என்ன கேட்டீங்கன்னு பக்கத்துல எழுதணும். ஒரு வாரத்துக்கு. ஸ்டேஷன் ஆள் வீடுங்கறதால எங்களுக்குக் கொடுக்கல. ரெண்டு மாசம் கழிச்சு லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து இவளுக்கு ஒரு கடிதம் வந்துச்சு. நடுவுல ஒரு கட்டம். காலை 6.15 முதல் 6.45 வரை, நேயர்கள்: 0.

நல்லா பாருங்க. அஞ்சு இல்ல, பத்து இல்ல. முட்டை!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "யார்கிட்ட காது குத்தறானுங்க? தெருவுல நடந்தா முப்பது பேர் அத்தான்ங்கறான், அவனெல்லாம் யாரு?"ன்னு குதிச்சேன். அவ குதிக்கல. கடிதத்தை மடிச்சு ஃபிரிட்ஜ் மேல வச்சா.

"நீங்க தெருவுல பாக்கறது முப்பது பேருங்க. அவங்க நானூறு வீட்ல கேட்டிருக்காங்க" அப்படின்னா.

"அதுக்கு?"

"முகத்துக்கு நேரா யாராவது உங்ககிட்ட, உங்க வீட்டுக்காரி பேசறதைக் கேக்கறதில்லன்னு சொல்லுவாங்களா? மரியாதைக்கு அத்தான்ங்கறாங்க."

"ஏய், என்ன பேசற நீ?"

"பத்தொன்பது வருஷமா சுவத்துகிட்டயாங்க பேசிட்டு இருந்தேன்?"

வேலை போனா போகுது, என் கையில தொழில் இருக்கு, சமாளிச்சுக்கலாம். ஆனா அவ அந்த முட்டையை நம்பிட்டா பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. மறுநாளும் போனா, வாசிச்சா. "எழுந்தாச்சா?"ன்னு மட்டும் கேக்கல. யாருமே இல்லாத வீட்ல யாரைக் கேக்கறதுன்னு நினைச்சிருப்பா.

கடிதத்துக்கு அடியில பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருந்தான்: ஆட்சேபம் உள்ளவங்க பதினைஞ்சு நாளுக்குள்ள அந்தத் தாள்களை லைசென்ஸ் ஆபீஸ்ல வந்து பாத்துக்கலாம். அவ வரமாட்டேன்னா. "வேண்டாங்க, நானூறு தடவை அதே முட்டையைப் பாக்கணுமா?" நான் விடல. பஸ்ல ரெண்டரை மணி நேரம். அவ ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா.

அங்க ஒரு குமாஸ்தா நாலு அட்டைப் பெட்டியைத் தள்ளிக்கிட்டு வந்து வச்சார். கம்பெனிக்காரன் தாளை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டி, மேல சீட்டு ஒட்டியிருந்தான். ரேடியோன்னு ஒரு கட்டு. டிவின்னு ஒரு கட்டு. ரெண்டையும் புரட்டினோம். ஆறேகாலுக்கு நேரா நிஜமாவே ஒண்ணும் இல்ல. மூணாவது பெட்டியில ஒரு பெரிய கட்டு, மத்த ரெண்டையும்விட தடிமன். மேல சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "உறவினருடன் உரையாடல்."

இது என்ன கண்றாவின்னு கயித்தை அவிழ்த்து முதல் தாளை எடுத்தேன். 6.15க்குப் பக்கத்துல கோழிக் கிறுக்கலா ஒரே வார்த்தை: "அக்கா."

அடுத்த தாள். "அக்கா பேசினாங்க. பாலத்துல லாரி நிக்குதாம்."

அடுத்தது. "அக்கா."

அடுத்தது. "நான் ரேடியோ கேட்பதில்லை. அக்கா மட்டும்."

புரிஞ்சுதா உங்களுக்கு? தலைநகர்ல உக்காந்து எண்ணினவனுக்கு எங்க அக்கா யாருன்னு தெரியல. ஏதோ வீட்டு அக்கா போன் பண்ணி இருக்காங்கன்னு நினைச்சு ஒதுக்கிட்டான். ஒரே ஊர்ல, ஒரே நிமிஷத்துல, அத்தனை வீட்டுக்கும் அக்கா போன் பண்ணுவாளாடா? ஒரு சின்ன சந்தேகம்கூட வரல பாருங்க! ஊர்க்காரங்களையும் குத்தம் சொல்ல முடியாது. மூணு முதலாளி மாறி மூணு பேர் வச்சா, எவனுக்கு நிலையத்தோட பேர் ஞாபகம் இருக்கும்? இவளும் ஒருநாள்கூட சொன்னதில்ல. அவங்களுக்கு ரேடியோன்னா அந்த வெயில் பையன். அக்கான்னா அக்கா.

நான் எண்ண ஆரம்பிச்சேன். அவளும் எண்ணினா. நாப்பதாவது தாளோட அவ எண்ணறதை நிறுத்திட்டுப் படிக்க ஆரம்பிச்சுட்டா. ஒரு தாள்ல, "சனிக்கிழமை அக்காவுக்கு ஜலதோஷம், கஷாயம் குடிக்கணும்"னு எழுதியிருந்துச்சு. "ஜலதோஷம் இல்ல, கீழே பெயின்ட் வாடை"ன்னு தாளைப் பாத்துப் பதில் சொன்னா. சொல்லிட்டு அழுதா. நான் எழுந்து போய் ஜன்னல் வழியா வெளியே வேடிக்கை பாத்தேன். பாக்க ஒண்ணும் இல்ல, கார் நிறுத்தற இடம்தான். என் கண்ணு சரியில்ல, வேற என்ன.

இருநூத்தி அறுபத்தொண்ணு. ரெண்டு தடவை எண்ணினோம். குமாஸ்தாவும் ஒரு தடவை எண்ணிட்டு, "அடேங்கப்பா"ன்னார்.

அங்கயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துட்டு வந்தோம். விசாரணை அன்னைக்கு லைசென்ஸ் ஆபீசர் அம்மா தாள்களை ஒவ்வொண்ணாப் புரட்டினாங்க. கம்பெனி மேலாளர் பக்கத்துல நின்னு கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். "நீங்க ஏன்மா நிலையத்தோட பேரைச் சொல்றதே இல்ல?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க.

"தப்புதாங்க. அது என் தப்பு. நான் பேசறது ரேடியோவுலன்னு எனக்கே மறந்துபோயிடும்"னா.

அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. நிபந்தனை இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அப்படியே இருக்கும், ஆனா தினமும் ஆரம்பத்துல ஒரு தடவை பேரைச் சொல்லணும்னு உத்தரவு போட்டாங்க. எனக்கு அங்கயே கை தட்டணும்போல இருந்துச்சு. இவ என் கையைப் புடிச்சு அழுத்திட்டா.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். வராண்டாவுல அந்த மேலாளர் ஓடி வந்தார். கெட்ட ஆள்னு சொல்ல மாட்டேன், மரியாதையாத்தான் பேசினார்.

"மேடம், நானூறுல இருநூத்தி அறுபத்தொண்ணு! எங்க இருபத்தாறு ஸ்டேஷன்ல எதுலயும் இப்படி ஒரு நம்பர் நாங்க பாத்ததில்ல. நீங்க தலைநகருக்கு வந்துடுங்க. அந்த அரை மணி நேரத்தை இருபத்தாறு ஊருக்கும் நீங்களே பேசுங்க. வீடு தர்றோம், கார் தர்றோம்."

நான் மனசுக்குள்ள கார்ல ஏறி உக்காந்து கண்ணாடியை இறக்கிவிட்டுட்டேன். மறைக்க என்ன இருக்கு? எங்க மகளும் தலைநகர்லதான் வேலை பாக்கறா.

இவ நிதானமாக் கேட்டா. "அந்த ஊர்ல எல்லாம் தண்ணி வருமா வராதான்னு நான் யாரைங்க கேக்கறது?"

"அதெல்லாம் வேண்டாம் மேடம். பொதுவா நாலு விஷயம் நாங்களே எழுதித் தருவோம். நீங்க உங்க பாணியில பேசினா போதும். கேக்கறவங்களுக்கு நீங்க அவங்க ஊர்லயே இருக்கற மாதிரி தோணணும், அவ்வளவுதான்."

"தோணினா போதாதுங்க, இருக்கணும்" அப்படின்னா. "நான் இல்லாத ஊர்ல இருக்கற மாதிரி பேசினா அது பொய்யிங்க. அந்த இருபத்தஞ்சு ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. தேடிப் பாத்து உக்கார வைங்க. தேடறதுக்கு வேணும்னா நான் வர்றேன்."

மேலாளர் என்னைப் பாத்தார், நீங்களாவது சொல்லுங்களேன்ங்கற மாதிரி. நானும் என் பங்குக்கு, "மகளும் அங்கதானே இருக்கா"ன்னு இழுத்தேன்.

"மகளைப் பாக்க பஸ் இருக்கு. வாங்க, நாலு மணிக்குள்ள ஊர் போய்ச் சேரணும்"னு நடக்க ஆரம்பிச்சுட்டா.

பஸ்ல எனக்குக் கோபம். கார் போச்சேன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தேன். அவ காதுலயே வாங்கல. பம்பு ஹவுஸுக்குப் போன் போட்டு, மோட்டார் போடற ஆள்கிட்ட, "நாளன்னிக்கா, நாளைக்கா? ஒழுங்காச் சொல்லுங்க"ன்னு அதட்டிட்டு இருந்தா. போற வழியெல்லாம் அவளைப் பாத்துக்கிட்டே இருந்தேன். கோபம் எந்த இடத்துல இறங்கிப் போச்சுன்னு தெரியல. ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க கல்யாண மேடையிலகூட இவ பக்கத்துல நான் இவ்வளவு பெருமையா உக்காந்ததில்ல.

மறுநாள் காலைல சமையல் ரூம்ல ரேடியோவைத் திருப்பி வச்சேன். உத்தரவுப்படி நிலையத்தோட பேரைச் சொன்னா. ரெண்டு தடவை நாக்கு இடறிச்சு. "ஆறேகால் ஆச்சு. எழுந்தாச்சா?"ன்னா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு இப்படிச் சொன்னா.

"நானூறு வீட்ல இருநூத்தி அறுபத்தொரு வீட்ல நான் பேசறதைக் கேக்கறீங்களாம். நல்லா இருங்க. மீதி நூத்தி முப்பத்தொன்பது வீட்ல கேக்கறதில்ல. அது அவங்க இஷ்டம், நமக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா நாளைக்கும் நாளன்னிக்கும் குழாய்ல தண்ணி அவங்களுக்கும்தான் வராது. அதனால கேக்கறவங்க எல்லாம், பக்கத்துல கேக்காத வீடு எதுன்னு பாத்து, கதவைத் தட்டிச் சொல்லிடுங்க. இன்னைக்கே புடிச்சு வைக்கட்டும்."

எங்க எதிர் வீட்ல ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார். தனிக்கட்டை. ரேடியோ, டிவி எதுவும் வச்சுக்க மாட்டார், சத்தம்னாலே ஆகாது. சட்டையை மாட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் அவர் கதவைத் தட்டினேன். திறந்தார். கையில குவளை, முழங்கை வரைக்கும் ஈரம்.

"நாளைக்குத் தண்ணி வராது, அதானே?" அப்படின்னார். "நீங்க ஏழாவது ஆள். போங்கய்யா, உள்ள வாளி நிறைஞ்சு வழியுது."